கருவிலிருந்து பதின்ம வயதுவரை: குழந்தை வளர்ச்சித் தொடராய்வுகள் பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்காகத் தமிழ்க் குடும்பங்களைச் சந்தித்து, கேள்வித்தாள் நிரப்பி, எடையும் உயரமும் அளந்து குறித்துவந்தவள் நான். கீழே உள்ள கேள்விகள் அந்தச் சந்திப்புகளில் கேட்கப்பட்டவை. அவற்றில் முக்கியமானவை பெரும்பாலும் தாளை மூடிவைத்த பிறகு, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்தவை. அங்கே நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

தொடராய்வு என்பது மற்ற ஆய்வுகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரே குழுவினரிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சென்று, ஒவ்வொரு முறையும் அன்றைய நிலையை அன்றைக்கே பதிவு செய்வதுதான் தொடராய்வு. பத்து வயதுப் பிள்ளையின் தாயிடம், "ஆறாம் மாதத்தில் என்ன ஊட்டினீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தான்?" என்று கேட்டால் அவர் தயங்காமல் பதில் சொல்வார். ஆனால் அந்தப் பதிலில் அவருடைய நினைவோடு பழைய புகைப்படங்களும், மாமியார் சொன்ன கதையும், இளைய பிள்ளையின் ஆறாம் மாதமும் கலந்திருக்கும். அதே தாயிடம் ஆறாம் மாதத்திலேயே கேட்டு எழுதிவைத்திருந்தால், பத்தாம் வயதில் பிள்ளையின் எடையையோ கவனத்தையோ அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஒரு பதிவு இருக்கும். இதற்கு விலை காலம்தான். கேள்வி எழுப்பியவர் பணி ஓய்வு பெற்ற பிறகே அதற்கான பதில் கிடைக்கலாம்.

சிங்கப்பூரில் இத்தகைய ஆய்வு எது?

பலரும் கேள்விப்பட்டிருப்பது 'கஸ்டோ'. 'ஆரோக்கியமான விளைவுகளை நோக்கிச் சிங்கப்பூரில் வளர்தல்' என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 2009 ஜூன் முதல் 2010 செப்டம்பர்வரை கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வந்த 1,247 பெண்கள் இதில் சேர்ந்ததாக ஆய்வின் அறிமுகக் கட்டுரை பதிவு செய்துள்ளது. ஏஸ்டார் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இந்த மருத்துவமனைகளுடன் இணைந்து ஆய்வை நடத்துகின்றன. பேராசிரியர் சோங் யாப் செங் இதன் தலைமை ஆய்வாளர். அன்று கருவில் இருந்தவர்கள் இன்று பதின்ம வயதினர்.

சேர்ந்தவர்களில் சீனர் ஏறக்குறைய 56%, மலாய்க்காரர் 26%, இந்தியர் 18%. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் பங்கு சுமார் 9% மட்டுமே. சிறிய இனங்களை மக்கள்தொகை விகிதப்படியே சேர்த்திருந்தால், அவர்களைப் பற்றித் தனியாக எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும். பெற்றோர் இருவரின் குடும்பமும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பது சேருவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. கலப்பு மணங்கள் பெருகிவரும் ஊரில் இது ஒரு குறைதான் என்பது என் கருத்து.

இதற்கு அடுத்து வந்த 'எஸ்-பிரெஸ்டோ' ஆய்வு இன்னும் ஒரு படி பின்னால் போனது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டிருந்த 1,032 பெண்களை அது 2015க்கும் 2017க்கும் இடையில் சேர்த்தது. கர்ப்பம் உறுதியாகி மருத்துவரைப் பார்க்க வருவதற்குள் கருவின் முக்கியமான சில வாரங்கள் கடந்துவிடுகின்றன என்பதே அதற்குக் காரணம்.

பிறந்த பிறகு பார்த்தால் போதாதா? கருவிலிருந்தே எதற்கு?

இந்தக் கேள்விக்கான பதில் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷர் மாவட்டத்துப் பேரேடுகளில் தொடங்குகிறது. எத்தல் பர்ன்சைடு என்ற சுகாதார அதிகாரியின் மேற்பார்வையில், 1911 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் செவிலியர்கள் பேரேட்டில் எழுதிவந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்தார். 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வோடு அவற்றை அவர் குழுவினர் பொருத்திப் பார்த்தனர். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989ல் இது வெளியானபோது மருத்துவ உலகம் அவ்வளவு எளிதாக நம்பவில்லை. நடுவயது உணவும் புகைபிடித்தலும் மட்டுமே இதயத்தைக் கெடுக்கின்றன என்று எண்ணப்பட்ட காலம் அது.

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஏற்பட்ட பஞ்சம் இன்னொரு சான்று. ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கிய அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்கள், பிறகு நிறைவாக உண்டு வளர்ந்தும், நடுவயதில் சர்க்கரையைக் கையாள்வதில் அவர்களின் உடல் பின்தங்கியிருந்தது. பஞ்சம் கருவின் எந்த மாதத்தில் தாக்கியது என்பதைப் பொறுத்துப் பிற்காலப் பாதிப்பும் மாறியது. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வாழ்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையிருப்பதில்லை.

வெளிநாடுகளில் இவ்வளவு செய்துவிட்டார்களே, இங்கே தனியாக ஏன்?

இந்தியக் குழந்தையின் உடலமைப்பே இதற்கு நல்ல விடை. மராட்டிய மாநிலத்தின் புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990களில் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கு அது சுமார் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்திருந்தும், புனே குழந்தைகளின் முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்திருந்தது தசைதான். மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சேர்த்துவைத்திருக்கும் இந்த அமைப்பை அவர் 'மெலிந்த கொழுத்த' குழந்தை என்றார். அவரும் ஜான் யட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் 2004ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3தான். உடலில் கொழுப்போ யட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%.

சிங்கப்பூரிலும் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, வயிற்றுப் பகுதியின் தோலடிக் கொழுப்பு சீனக் குழந்தைகளைவிட இந்திய, மலாய்க் குழந்தைகளிடம் கூடுதலாக இருந்தது. ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, ஒரே வகை வீவக வீடு. ஆனாலும் வேறுபாடு பிறப்பிலேயே தெரிகிறது.

உணவுக் கேள்விகளும் உள்ளூரில்தான் எழுதப்பட வேண்டும். முந்தைய நாள் உண்டதையெல்லாம் சொல்லச் சொல்லும்போது, "மூணு தோசை" என்பார் ஒருவர். எந்த அளவுத் தோசை? வீட்டுத் தோசையா, கடைத் தோசையா? எண்ணெயை "ஒரு கரண்டி" என்பார் இன்னொருவர். அவர் அடுப்படியிலிருந்து கரண்டியையே எடுத்துவரச் சொல்லி, அது எத்தனை தேக்கரண்டி கொள்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குச் சீனர் ஒரு மாதமும் நம்மவர் நாற்பது நாளும் மலாய்க்காரர் நாற்பத்து நான்கு நாளும் பத்தியம் வைக்கும் ஊர் இது. பூண்டுக் குழம்புக்கும் பால்சுறாப் புட்டுக்கும் இடமில்லாத ஓர் உணவுப் பட்டியலை வெளியூரிலிருந்து கொண்டுவந்து நிரப்பினால் பாதி உணவு விட்டுப்போகும்.

கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் அது இங்கே அரிதான ஒன்றல்ல. கஸ்டோவில் 26 முதல் 28 வாரத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோரிடம் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அதுவரை குடும்பத்தில் சர்க்கரை நோய், உடற்பருமன் போன்ற ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களை மட்டும் சோதிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்த முறையில் கணிசமானோர் தப்பிவிடுவார்கள் என்பது இந்த ஆய்வில் தெளிவானது. கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கும் முறைக்கு இங்குள்ள மருத்துவமனைகள் மாறியதில் இதற்குப் பங்கு உண்டு.

தாயின் இரத்தத்தில் உள்ள மிகுதிச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது, ஆனால் தாயின் இன்சுலின் செல்வதில்லை. ஆகவே குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமாளிக்கிறது, அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கிறது. பிள்ளை பெற்றதும் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்துவிட்டது என்று தாய்மார் இதை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம் என்பதால், பேறுக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும், அதன்பின் ஒழுங்கான இடைவெளியிலும் பலதுறை மருந்தகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று பாட்டி சொன்னால் அவர் மனம் நோக மறுக்க வேண்டியதில்லை. காய்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டிக்கொண்டு, சோற்றையும் தேங்காய்ப்பால் இனிப்பையும் குறைத்துக்கொள்ளலாம்.

தாயின் மனநிலையை எப்படி அளக்கிறார்கள்? அதற்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு?

எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்று கேட்கும். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் 30. கஸ்டோவில் இதைக் கர்ப்பகாலத்திலும் பேறுக்குப் பிறகு மூன்றாம் மாதத்திலும் கேட்டார்கள்.

உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீட்டில் இதே தாளை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அமர்ந்திருந்த மாமியாரே பதில் சொன்னார். "அவளுக்கு என்ன குறை? எல்லாம் நல்லாத்தான் இருக்கா." மருமகள் தலையாட்டினார். நான் பேனாவை மூடிவிட்டு, "அம்மா, பிள்ளையோட தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துட்டு வர்றீங்களா?" என்றேன். அவர் உள்ளே போன இரண்டு நிமிடத்தில் மருமகள் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஏற்கெனவே குறித்த மூன்று பதில்களை மாற்றினார். எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தத் தாளைத் தாய்மாரிடமே கொடுத்து, தனியறையில் நிரப்பச் சொல்லும் வழக்கத்தை நான் கைவிட்டதில்லை. பதில்கள் கவலைக்குரியவையாக இருந்தால் அவற்றைக் கோப்பில் போட்டுவிட்டு எழுந்து வருவது முறையாகாது. அன்றைக்கே பொறுப்பான மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பேச யாரும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இனித் தொடர்புக்கு வருவோம். கர்ப்பகாலத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாக இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் நுண்ணமைப்பில் வேறுபாடு தென்பட்டது. குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்ததால், இது வளர்ப்பு முறையால் வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த வேறுபாடு நோயும் ஆகாது, பிற்காலத்தில் துன்பம் நிச்சயம் என்ற முத்திரையும் ஆகாது. நோய் என்று கண்டறியப்படாத, அன்றாடம் நாம் "கொஞ்சம் மனசு சரியில்லை" என்று ஒதுக்கிவிடும் அளவுச் சோர்வுக்கும் இது பொருந்தியது என்பதைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன்.

அப்படியானால் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் அம்மாதான் காரணமா?

இல்லை. தாயிடம் அதிகம் கேட்பதால் தாயைப் பற்றி அதிகம் தெரிகிறது. அவ்வளவுதான். கருவைச் சுமப்பவரும் மருத்துவமனைக்கு வருபவரும் அவரே என்பதால் கேள்வித்தாள்கள் அவரை நோக்கியே எழுதப்பட்டன. தந்தையின் உடல்நலம், வீட்டு வருமானம், இரவு வேலை, ஒரே அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பவையெல்லாம் குழந்தையைத் தொடுகின்றன. தாயின் மனச்சோர்வைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் கணவரின் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரத் தந்தையர் விடுப்பு கட்டாயமாகியிருக்கிறது. அந்த விடுப்பை எடுத்து வீட்டில் இருக்கும் அப்பாக்களை இப்போது சந்திப்புகளில் பார்க்க முடிகிறது. அவர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள் என்று இளைய ஆய்வு உதவியாளர்களிடம் நான் சொல்வதுண்டு.

எல்லாம் மரபணுதானே? ஜாதகம் மாதிரி முன்பே எழுதப்பட்டதுதானே?

2014ல் வெளியான ஒரு கஸ்டோ கட்டுரை இதற்கு எண்களோடு பதில் சொல்கிறது. 237 குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். மரபணு எழுத்துகளை மாற்றாமல், எந்த மரபணு எந்த அளவுக்கு வேலை செய்யட்டும் என்று கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள் டி.என்.ஏ.வின்மேல் ஒட்டியிருக்கும். அதற்கு மெத்திலேற்றம் என்று பெயர். குழந்தைக்குக் குழந்தை இந்தக் குறிகள் வெகுவாக மாறுபட்ட 1,423 இடங்களை எடுத்துக்கொண்டு, அந்த மாறுபாட்டை எது நன்றாக விளக்குகிறது என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 25% இடங்களில் மரபணு மட்டுமே சிறந்த விளக்கமாக அமைந்தது. மீதமுள்ள 75% இடங்களில் மரபணுவும் கருப்பைச் சூழலும் சேர்ந்தே விளக்கின. தாயின் மனநிலை, புகை, பிறப்பு எடை, எத்தனையாவது பிள்ளை என்பவை அந்தச் சூழலில் அடங்கும். சூழல் மட்டுமே தனித்து நின்ற இடம் எதுவும் முன்னிலை பெறவில்லை.

ஆகவே "மரபணுவா, சூழலா?" என்ற பட்டிமன்றத் தலைப்பு இங்கே பொருந்தாது. ஒரே சூழல் இரண்டு குழந்தைகளிடம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டுகிறேன். தவறா?

குற்றம் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டுக்குள் பிள்ளைக்கு ஊட்டி முடிக்க வேண்டியவர்களின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் முடிவுகளை மறைக்கவும் கூடாது.

2023ல் வெளியான கஸ்டோ ஆய்வு 437 குழந்தைகளைப் பற்றியது. ஒரு வயதில் திரை பார்த்த நேரத்தைப் பெற்றோர் சொன்னார்கள். ஒன்றரை வயதில் தலையில் மின்முனைத் தொப்பி மாட்டி மூளையலைகளைப் பதிவு செய்தார்கள். ஒன்பது வயதில் கவனத்தையும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையும் சோதித்தார்கள். ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளிடம், விழிப்பு குறைந்த நிலையைக் காட்டும் மெதுவான அலைகள் அதிகமாக இருந்தன, ஒன்பது வயதில் அந்தத் திறன்களும் சற்றுக் குறைந்திருந்தன. திரைதான் காரணம் என்று இது நிறுவிவிடவில்லை. திரை நேரம் அதிகமுள்ள வீடுகளில் பேச்சும் விளையாட்டும் குறைவாக இருந்திருக்கலாம், பெற்றோர் களைத்திருக்கலாம். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரை, மூன்று வயதில் பெற்றோர் அடிக்கடி கதைப்புத்தகம் வாசித்துக் காட்டிய குழந்தைகளிடம் கைக்குழந்தைப் பருவத் திரை நேரத்துக்கும் பிற்கால மூளை வளர்ச்சி மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பு கணிசமாகத் தளர்ந்திருந்ததைக் காட்டியது. கவலையோடு கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டாவது கட்டுரையைத்தான்.

சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி இப்படிச் சொல்கிறது: ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம், சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் தாத்தா பாட்டியோடு காணொளியில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு, ஒன்றரை முதல் ஆறு வயதுவரை பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, சாப்பாட்டு வேளையிலும் தூங்கப்போகும் முன்னும் தவிர்க்க வேண்டும். பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சியும் திரைதான் என்பதைப் பல வீடுகளில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம். இரண்டு மொழியால் குழந்தை குழம்பாதா?

ஆறு மாதக் குழந்தைகள் 114 பேரிடம் செய்த ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. கஸ்டோ குழந்தைகளை வைத்து லெஹெர் சிங் குழுவினர் 2015ல் வெளியிட்டது. திரையில் கரடிப் படம் அல்லது ஓநாய்ப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். குழந்தை சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மற்ற விலங்கைக் காட்டுவார்கள். பழைய படத்தைச் சீக்கிரம் 'படித்து முடித்து' சலிப்பதும், புதிய படத்தைக் கூடுதல் நேரம் பார்ப்பதும் தகவலைத் திறமையாகக் கையாள்வதன் அறிகுறி என்று கருதப்படுகிறது. இருமொழி வீட்டுக் குழந்தைகள் இரண்டிலும் முந்தினார்கள். எந்த இரண்டு மொழிகள் என்பது பொருட்டாக இல்லை.

இதை வைத்து இருமொழிக் குழந்தைகள் எல்லாரும் மேதைகள் என்று விளம்பரம் செய்யத் தேவையில்லை. குழப்பம் என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரமில்லை. பாலர்பள்ளிக்குத் தயாராக வேண்டும் என்று, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பாட்டியைப் பேசச் சொல்லும் வீடுகள் உண்டு. பாட்டியின் தமிழில் இருக்கும் கதையையும் கேலியையும் இழந்துவிட்டு, "ஈட், கம், சிட்" என்ற மூன்று சொற்களைக் குழந்தை பெறுகிறது. நட்டக் கணக்கு.

தாய்ப்பால் கொடுத்தால் அறிவு கூடும் என்கிறார்கள். ஆய்வு நிரூபித்துவிட்டதா?

தொடராய்வுகளின் பலவீனம் எங்கே என்று காட்ட இதைவிட நல்ல கேள்வி இல்லை. நீண்ட நாள் தாய்ப்பால் கொடுக்க முடிந்த தாய்மார் பல நாடுகளில் கூடுதலாகப் படித்தவர்களாகவும் வசதியுள்ளவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அதற்குக் காரணம் பாலா, படிப்பா, வசதியா? பின்தொடர்ந்து பார்ப்பதால் மட்டும் இதைப் பிரித்துவிட முடியாது.

பெலாரஸ் நாட்டில் மைக்கேல் கிரேமர் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தாய்க்குப் பால் கொடுக்காதே என்று குலுக்கல் போட்டுச் சொல்வது அறமாகாது. அதனால் 1996-97ல் 31 மருத்துவமனைகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் தாய்ப்பாலூட்ட ஊக்கமும் பயிற்சியும் கூடுதலாகத் தந்தார்கள். மொத்தம் 17,046 குழந்தைகள். ஊக்கம் பெற்ற பிரிவில் முதலாண்டு வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் குறைந்தன. ஆறரை வயதில் மொழித்திறன் சார்ந்த மதிப்பெண் சராசரியாக 7.5 புள்ளி கூடுதலாக இருந்தது, பதினாறு வயதில் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது. உடற்பருமனோ குறையவே இல்லை. அதற்கு முந்தைய தொடராய்வுகள் பல, தாய்ப்பால் பருமனைத் தடுக்கும் என்று சொல்லிவந்தன.

செய்தித்தாளில் "தொடர்பு உள்ளது" என்று படிக்கும்போது இந்தப் பெலாரஸ் கதையை நினைத்துக்கொள்வது உதவும். பால் போதாமல் புட்டிக்கு மாறிய தாய்மார் அதற்காக உறக்கம் கெட வேண்டாம்.

மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுமா?

முதல் ஆயிரம் நாட்கள் என்ற சொற்றொடர் செய்த நன்மை பெரிது, கிளப்பிய பீதியும் பெரிது. கருவுற்றதிலிருந்து இரண்டாம் பிறந்தநாள்வரை மூளை மிக வேகமாக வளர்கிறது என்பது உண்மை. கதவு அதன்பின் அடைபட்டுவிடுகிறது என்பது உண்மையல்ல.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். மாறியவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே மாறியவர்கள் பல திறன்களில் இன்னும் நன்றாகத் தேறினார்கள். முந்துவதற்குப் பலன் உண்டு, பிந்தியோருக்கும் பலன் இருந்தது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் 1986-87ல் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய, ஒன்பது முதல் இருபத்து நான்கு மாத வயதுள்ள 129 குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சமூக சுகாதார ஊழியர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் வந்தார். வீசியெறியும் டப்பாவிலும் மூடியிலும் செய்த விளையாட்டுப் பொருளைக் கொண்டுவந்து, தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடும் முறையைக் காட்டிவிட்டு, அதை அங்கேயே விட்டுச் செல்வார். அடுத்த வாரம் வேறொன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வார். இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனபோது, அந்த வருகைகளைப் பெற்றவர்களின் சம்பளம் பெறாதவர்களைவிட 25% அதிகமாக இருந்தது. விலையுயர்ந்த மூளைப் பயிற்சி அட்டைகளை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் மைலோ டின்னின் மூடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவதற்கு இதுவே காரணம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகச் சிங்கப்பூரில் 2016ல் தொடங்கிய 'கிட்ஸ்டார்ட்' திட்டத்திலும் இப்படி வீட்டுக்கு வந்து வழிகாட்டும் ஏற்பாடு உண்டு.

ஆய்வில் சேர்ந்தால் என்னவெல்லாம் செய்வார்கள்?

ஆய்வுக்கு ஆய்வு மாறும். பொதுவாகக் கேள்வித்தாள், எடை, உயரம், இரத்த அழுத்தம், வயதுக்கேற்ற விளையாட்டுச் சோதனைகள், சில வேளைகளில் இரத்தம், எச்சில், மலம், படம் எடுத்தல். கஸ்டோவில் தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும்கூடத் தானமாகக் கேட்கப்பட்டன. கைக்குழந்தையின் நீளத்தை அளக்க இருவர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் மேல்விளிம்போடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி அடிப்பலகையை நகர்த்துவார். குழந்தை கண்டிப்பாக அழும். அரை சென்டிமீட்டர் பிழை வந்தாலும் அடுத்த முறை குழந்தை 'குட்டையாகிவிட்டது' போலத் தெரியும் என்பதால், அழ அழ மறுபடியும் ஒருமுறை அளப்போம். அந்த இரண்டாவது அளவின்போது தாத்தாக்கள் எங்களை முறைப்பது வழக்கம்.

இரத்த மாதிரியை வைத்து வேறு ஏதாவது செய்துவிடுவார்களா? வேண்டாமென்றால் விலகலாமா?

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம், மாதிரி எதற்குப் பயன்படும் என்பதை முன்னரே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி ஆய்வு தொடங்க முடியாது. மாதிரிகளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணே இருக்கும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து உங்களுக்குப் புரியவில்லையென்றால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

என் பிள்ளைக்கு எதிர்காலத்தில் என்ன வரும் என்று சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. ஆயிரம் குழந்தைகளின் சராசரி உங்கள் பிள்ளையின் ஜாதகம் ஆகாது. உடனடிக் கவனிப்பு தேவைப்படும் ஏதேனும் தென்பட்டால் என்ன செய்வார்கள் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அந்தப் பகுதியை இருமுறை படியுங்கள்.

பிள்ளை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். வீடும் பொங்கோலுக்கு மாறிவிட்டோம். இனியும் வர வேண்டுமா?

வந்தால் நல்லது, அதிலும் வசதிப்படாதவர்கள் வந்தால் மிகவும் நல்லது. விலகிப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவர்கள்: வேலை மாறியவர்கள், மணவாழ்வு முறிந்தவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், பிள்ளை படிப்பில் பின்தங்கியதால் சங்கடப்படுபவர்கள். அவர்கள் போய்விட்டால், எஞ்சியவர்களை மட்டும் அளந்துவிட்டு எல்லாரும் நலம் என்று எழுதும்படி ஆகிவிடும். இந்தியர்களில் பத்துக் குடும்பம் குறைந்தால்கூட எங்கள் பக்கக் கணக்கு ஆட்டம் காணும்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73ல் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வில், 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94% பேர் வந்து கலந்துகொண்டார்கள். கடல் கடந்து வாழ்பவர்களுக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்து வரவழைக்கிறார்கள். பொங்கோலிலிருந்து வருவதற்கு எம்ஆர்டி போதும். பதின்ம வயதுப் பிள்ளை வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அவனிடமே நேரடியாகப் பேசச் சொல்லி ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள், ஏனென்றால் இத்தனை நாளும் அவனுக்காக நீங்கள் போட்ட கையெழுத்தை இனி அவனே போடும் வயது நெருங்குகிறது. எப்படியிருந்தாலும் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் தெரிவித்துவிடுங்கள்.